காமா பயில்வான்

காமா பயில்வான் (மே 22, 1878 – மே 23, 1960) பிரித்தானிய இந்தியாவில் வாழ்ந்த புகழ்பெற்ற மற்போர் வீரர் ஆவார். இவரது இயற்பெயர் குலாம் முகமது பக்ஷ் என்பதாகும். காமா என்பது வீட்டில் வழங்கிய பெயர். மேலை நாடுகளில் இவர் மாபெரும் காமா என்ற பொருள்படும் கிரேட் காமா என்னும் பெயரால் அறியப்பட்டார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீடித்த தமது மற்போர் வாழ்க்கையில் தோல்வியே காணாதவர் எனப் பரவலாக ஏற்கப்படுபவர். 1910 ஆம் ஆண்டில் இலண்டன் சென்று, அமெரிக்க, ஐரோப்பிய வீரர்களுடன் பொருதியதன் மூலம் உலகப் புகழ் பெற்றார். ருஸ்தம்-இ-ஹிந்த், ருஸ்தம்-இ-சமான் ஆகிய பட்டங்களைப் பெற்றவர். எல்லாக் காலத்திற்கும் சிறந்த மற்போர் வீரர் யார் என்ற விவாதத்தில் இவரது பெயர் இன்றும் தவறாமல் இடம்பெறுகிறது.

பிறப்பும் குடும்பமும்

காமா பஞ்சாபின் அமிர்தசரசு மாவட்டத்தைச் சேர்ந்த ஜப்போவால் என்னும் ஊரில், காசுமீரப் பின்னணி கொண்ட இசுலாமியக் குடும்பத்தில் பிறந்தார். இக்குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாகக் குஸ்தியைத் தொழிலாகக் கொண்டவர்கள். தந்தை முகமது அசீஸ் பக்ஷ், இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள ததியா சமத்தானத்தில் அரண்மனைப் பயில்வானாக இருந்தார். காமாவின் தம்பி இமாம் பக்ஷும் பிற்காலத்தில் பெரும் வீரராக விளங்கியவர்.

காமா ஆறு வயதுச் சிறுவனாக இருந்தபோது தந்தை இறந்தார். அதன்பின் தாய்வழிப் பாட்டனார் நூன் பயில்வானும், அவரது மறைவுக்குப் பிறகு மாமன் ஈதா பயில்வானும் இவரை வளர்த்துப் பயிற்சி அளித்தனர். அக்காலத்தில் பயில்வான்களின் வாழ்வு சமத்தான மன்னர்களின் ஆதரவைச் சார்ந்தே இருந்தது. பாலும் நெய்யும் பாதாமும் அரண்மனைச் செலவில் கிடைத்தால்தான் ஒருவர் முழுநேரப் பயில்வானாக வாழ இயலும். ஒரு மன்னரின் பயில்வான் மற்றொரு மன்னரின் பயில்வானை வெல்வது இரு அரண்மனைகளுக்கும் மானப் பிரச்சினையாகக் கருதப்பட்டது.

ஜோத்பூர் போட்டி

1888 ஆம் ஆண்டு ஜோத்பூர் மன்னர் உடல்வலிமைப் போட்டி ஒன்றை நடத்தினார். இது மற்போர்ப் போட்டி அன்று. யார் அதிக எண்ணிக்கையில் பஸ்கி எடுக்கிறார் என்பதே போட்டியாகும். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் நானூறுக்கும் மேற்பட்ட பயில்வான்கள் இதில் கலந்துகொண்டனர். பத்து வயதுச் சிறுவனான காமா, இறுதிவரை நின்ற பதினைந்து பேருள் ஒருவராக இருந்தார். வயதைக் கருத்திற்கொண்டு மன்னர் இவரையே வெற்றியாளராக அறிவித்தார். இதன் பிறகு ததியா மன்னர் காமாவின் பயிற்சிக்கான பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

பயிற்சியும் உணவும்

காமாவின் அன்றாடப் பயிற்சியைப் பற்றிப் பல செய்திகள் வழங்கி வருகின்றன. நாளொன்றுக்கு நாற்பது வீரர்களுடன் கோதாவில் பொருதுவார் என்றும், 5000 பஸ்கிகளும் 3000 தண்டால்களும் எடுப்பார் என்றும் கூறப்படுகிறது. ஒரு பஸ்கிக்கோ தண்டாலுக்கோ மூன்று நொடி எனக் கணக்கிட்டால், 5000 பஸ்கிகளுக்கு 4 மணி 10 நிமிடமும், 3000 தண்டால்களுக்கு 2 மணி 30 நிமிடமும் தேவைப்படும். எனவே இந்த எண்ணிக்கை மிகக் கடுமையானதே தவிர, முழுநேரமும் பயிற்சிக்கே ஒதுக்கிய ஒருவருக்கு எட்டவே முடியாதது எனக் கூற இயலாது. கழுத்தில் கனமான கல்வளையத்தை மாட்டிக்கொண்டு பஸ்கி எடுப்பதும், கர்லாக்கட்டை சுற்றுவதும் இவரது பயிற்சியின் பகுதிகளாக இருந்தன.

இந்தியக் குஸ்தி, கொத்திப் பதப்படுத்திய மண்ணில் நடைபெறுவது. அம்மண்ணில் எண்ணெய், மஞ்சள் முதலியவற்றைக் கலப்பர். எதிராளியின் இரு தோள்களும் மண்ணில் படும்படி மல்லாத்துவதே வெற்றி. புள்ளிக் கணக்கோ, சுற்றுகளோ பழைய முறையில் இல்லை. இந்த வேறுபாடு காமாவின் இலண்டன் போட்டிகளைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா

தமது 17 ஆவது வயதில் காமா, குஜ்ரன்வாலாவைச் சேர்ந்த ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவுக்கு அறைகூவல் விடுத்தார். ரஹீம் பக்ஷ் அன்றைய இந்தியாவின் தலைசிறந்த பயில்வானாக மதிக்கப்பட்டவர். ஏறத்தாழ ஏழடி உயரம் உடையவர் எனச் சொல்லப்பட்டவர். காமாவின் உயரமோ சுமார் 5 அடி 7 அங்குலம் மட்டுமே. பல மணி நேரம் நீடித்த இப்போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. நடுவயதைக் கடந்த வாகையரை ஓர் இளைஞர் சமன் செய்தது நாடெங்கும் பேசப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் காமா, ரஹீம் பக்ஷைத் தவிர இந்தியாவின் முன்னணி வீரர்கள் பெரும்பாலோரை வென்றார்.

இலண்டன் பயணம் (1910)

1910 ஆம் ஆண்டு காமா, தம்பி இமாம் பக்ஷ் உள்ளிட்ட சில இந்திய வீரர்களுடன் கப்பலில் இங்கிலாந்து சென்றார். வங்காளச் செல்வந்தரான சரத் குமார் மித்ரா இப்பயணத்திற்குப் பொருளுதவி செய்தார். உயரக் குறைவைக் காரணம் காட்டி, அங்கு நடைபெற்ற போட்டித் தொடரில் காமாவைச் சேர்த்துக்கொள்ள மறுத்தனர். இதனால் இவர் பொது அறைகூவல் ஒன்றை விடுத்தார். எந்த எடைப்பிரிவைச் சேர்ந்தவராயினும் மூன்று வீரர்களை முப்பது நிமிடங்களுக்குள் வீழ்த்துவதாக அதில் அறிவித்தார். முதலில் இது வெறும் விளம்பரம் எனக் கருதப்பட்டு எவரும் முன்வரவில்லை.

முதலில் அறைகூவலை ஏற்ற முக்கிய வீரர் அமெரிக்கரான பெஞ்சமின் ரோலர் ஆவார். இவர் மருத்துவம் படித்தவர். 1910 ஆகஸ்ட் 8 அன்று அல்காம்பிரா அரங்கில் நடைபெற்ற போட்டியில், காமா இவரை முதல் முறை 1 நிமிடம் 40 நொடிகளிலும், இரண்டாம் முறை 9 நிமிடம் 10 நொடிகளிலும் வீழ்த்தினார். செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் இமாம் பக்ஷ், சுவிட்சர்லாந்து வீரரான ஜான் லெம்மை வென்றார். இவ்விரு வெற்றிகளும் இலண்டன் செய்தித்தாள்களின் போக்கை மாற்றின.

ஸ்பிஷ்கோவுடன் முதல் போட்டி

1910 செப்டம்பர் 10 அன்று காமா, போலந்தைச் சேர்ந்த ஸ்தானிஸ்லாவ் ஸ்பிஷ்கோவுடன் மோதினார். ஜான் புல் உலக வாகையர் கச்சைக்காக நடந்த இப்போட்டியில் 250 பவுண்டு பரிசுத் தொகையும் இருந்தது. ஸ்பிஷ்கோ காமாவை விட ஏறத்தாழ 25 கிலோகிராம் எடை கூடியவர்.

போட்டி தொடங்கிய சிறிது நேரத்திலேயே காமா ஸ்பிஷ்கோவைத் தரைக்குக் கொண்டு வந்தார். அதன் பிறகு ஸ்பிஷ்கோ எழவே முயலவில்லை. விரிப்பின் மீது குப்புறப் படிந்தும், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றியும் தற்காப்பிலேயே இருந்தார். அவரைப் புரட்ட காமா செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. மண்தரையில் பழகிய காமாவுக்கு விரிப்பில் கிடக்கும் கனத்த உடலைப் புரட்டுவது புதிய சிக்கலாக இருந்தது. 2 மணி 35 நிமிடங்களுக்குப் பின் போட்டி முடிவின்றி நிறுத்தப்பட்டது. பார்வையாளர்கள் ஸ்பிஷ்கோவின் ஆட்டத்தைக் கண்டித்துக் கூச்சலிட்டனர்.

மறுபோட்டி செப்டம்பர் 17 அன்று நடைபெறும் என அறிவிக்கப்பட்டது. அன்று ஸ்பிஷ்கோ வரவில்லை. எனவே காமா வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டு, கச்சை இவருக்கு வழங்கப்பட்டது. ஆயினும் எதிராளி வராமல் கிடைத்த இந்த வெற்றி காமாவுக்கு மனநிறைவு அளிக்கவில்லை. அக்காலத்தில் உலக வாகையராக மதிக்கப்பட்ட அமெரிக்கரான ஃபிராங்க் காட்சும், அவருக்கு முன் அவ்விடத்தில் இருந்த ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட்டும் காமாவுடன் மோதவே இல்லை.

காலப் பின்னணி

இதே 1910 ஆம் ஆண்டு சூலை 4 அன்று, அமெரிக்காவின் ரீனோ நகரில் கறுப்பினக் குத்துச்சண்டை வாகையரான ஜாக் ஜான்சன், ஓய்விலிருந்து திரும்பிய வெள்ளையின வீரர் ஜிம் ஜெஃப்ரீசை வென்றார். இதனைத் தொடர்ந்து அமெரிக்காவின் பல நகரங்களில் இனக்கலவரங்கள் வெடித்தன. மறு ஆண்டு இலண்டனில் ஜான்சனுக்கும் ஆங்கிலேய வீரர் பில்லி வெல்சுக்கும் நடக்கவிருந்த போட்டி அரசின் தலையீட்டால் நின்றது. ஒரு விளையாட்டு வெற்றி, ஓர் இனத்தின் தகுதிக்குச் சான்றாகப் பார்க்கப்பட்ட காலம் அது. ஆளப்படும் நாட்டிலிருந்து வந்த ஒருவர் ஆளும் நாட்டின் தலைநகரில் பெற்ற வெற்றி, இந்தியர்களுக்கு விளையாட்டுச் செய்தியாக மட்டும் இருக்கவில்லை. இந்தியர் உடல்வலு அற்றவர் என்ற குடியேற்றக் காலக் கருத்துக்கு அது மறுப்பாக அமைந்தது.

இந்தியா திரும்பிய பின்

நாடு திரும்பிய காமா, அலகாபாத்தில் மீண்டும் ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவுடன் மோதி வெற்றி பெற்றார். இதன் மூலம் இந்தியாவின் ருஸ்தம் எனப் பொருள்படும் ருஸ்தம்-இ-ஹிந்த் பட்டம் இவருக்குக் கிடைத்தது. ருஸ்தம் என்பவர் பாரசீகக் காவியமான ஷாநாமாவின் வீரர். தம் வாழ்வில் எதிர்கொண்ட வீரர்களுள் மிகக் கடினமானவர் ரஹீம் பக்ஷே என்று காமா பிற்காலத்தில் கருதினார். 1916 ஆம் ஆண்டில் பண்டித் பித்துவை வென்றார். 1922 ஆம் ஆண்டு இந்தியா வந்த வேல்சு இளவரசர் இவருக்கு வெள்ளிக் கதாயுதம் ஒன்றைப் பரிசளித்தார்.

பாட்டியாலா போட்டி (1928)

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1928 சனவரி மாதத்தில், பாட்டியாலா மன்னரின் ஏற்பாட்டில் காமாவும் ஸ்பிஷ்கோவும் மீண்டும் சந்தித்தனர். இடைப்பட்ட காலத்தில் ஸ்பிஷ்கோ 1921 ஆம் ஆண்டிலும் 1925 ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் உலக வாகையர் பட்டத்தை வென்றிருந்தார். இருவருமே ஐம்பது வயதை நெருங்கிக் கொண்டிருந்தனர். பல்லாயிரக்கணக்கானோர் கூடிய இப்போட்டியில், காமா ஒரு நிமிடத்திற்கும் குறைவான நேரத்தில் ஸ்பிஷ்கோவை மல்லாத்தினார். இம்முறை போட்டி இந்திய முறைப்படி மண்ணில் நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது. தோல்விக்குப் பின் ஸ்பிஷ்கோ காமாவைப் பெரிதும் பாராட்டினார். மறு ஆண்டு ஜெஸ்ஸி பீட்டர்சன் என்ற வீரரையும் காமா ஒன்றரை நிமிடத்தில் வென்றார். இதன் பின்னர் இவருக்கு ஈடான எதிராளிகள் கிடைக்கவில்லை.

நாட்டுப் பிரிவினையும் இறுதிக் காலமும்

1947 ஆம் ஆண்டு நாடு பிரிந்தபோது காமா லாகூரில் மோகினி சாலைப் பகுதியில் வசித்து வந்தார். அப்பகுதியில் இந்துக் குடும்பங்கள் பல இருந்தன. கலவரக்காரர்கள் அங்கு வந்தபோது காமாவும் இவரது மாணவர்களும் முன்னால் நின்று அவர்களைத் தடுத்தனர் என்றும், பின்னர் அக்குடும்பங்களைத் தம் செலவிலேயே எல்லைவரை பாதுகாப்பாக அனுப்பி வைத்தார் என்றும் கூறப்படுகிறது.

சமத்தானங்கள் மறைந்ததால் பயில்வான்களை ஆதரித்த மன்னர்களும் இல்லாமல் போயினர். காமாவின் ஆண் மக்கள் இளமையிலேயே இறந்துவிட்டனர். 1952 ஆம் ஆண்டு ஓய்வு பெற்ற இவர், இறுதி ஆண்டுகளில் இதய நோயாலும் ஆஸ்துமாவாலும் பண நெருக்கடியாலும் துன்புற்றார். இந்தியத் தொழிலதிபர் ஜி. டி. பிர்லா எல்லைக்கு அப்பாலிருந்து இவருக்குப் பண உதவி செய்தார். காமா 1960 மே 23 அன்று, தமது 82 ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், லாகூரில் காலமானார்.

பிற வீரர்களுடன் ஒப்பீடு

காமாவை உலகின் தலைசிறந்த மற்போர் வீரர் எனக் கூறுவோரும், அக்கூற்று மிகையானது என்போரும் உள்ளனர். இவ்விவாதத்தில் பொதுவாக எடுத்துக்காட்டப்படும் செய்திகள் பின்வருமாறு.

சமகால வீரர்கள்: காட்ச் 1908 ஆம் ஆண்டிலும் 1911 ஆம் ஆண்டிலும் ஹேக்கன்ஷ்மிட்டை வென்றவர். 1910 சூன் 1 அன்று, அதாவது காமா–ஸ்பிஷ்கோ போட்டிக்கு மூன்று மாதங்களுக்கு முன், ஸ்பிஷ்கோவையும் சிகாகோவில் வென்றார். ஸ்பிஷ்கோவை காட்ச் வென்றார், காமாவால் சமன் செய்யவே முடிந்தது, ஆகவே காட்சே மேலானவர் என்பது ஒரு வாதம். ஆனால் காட்சின் முதல் வீழ்த்தல் சுமார் ஆறு நொடிகளில், ஸ்பிஷ்கோ கைகுலுக்கக் கை நீட்டிய வேளையில் நிகழ்ந்தது. அந்த அனுபவத்திற்குப் பின் வந்த ஸ்பிஷ்கோ, இலண்டனில் எதிர்த்துப் போரிடுவதையே தவிர்த்தார். எனவே மூன்றாம் ஒருவரை அளவுகோலாக வைத்து இருவரை ஒப்பிடுவது பொருந்துவதாக இல்லை. மேலும் அவ்வாறு ஒப்பிட்டால், 1928 ஆம் ஆண்டுப் போட்டியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அப்போதோ காட்ச் இறந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

தோல்வியின்மை: காமா தோற்காதவர் என்பதும் எல்லாப் போட்டிகளையும் வென்றவர் என்பதும் ஒன்றல்ல. ரஹீம் பக்ஷுடனும் ஸ்பிஷ்கோவுடனும் நடந்த முக்கியமான போட்டிகள் சமனில் முடிந்தன. குத்துச்சண்டையில் தோல்வியே காணாமல் ஓய்வு பெற்ற கனரக வாகையர் ராக்கி மார்சியானோ மோதிய 49 போட்டிகளும் நாள், இடம், சுற்று உட்படப் பதிவாகியுள்ளன. காமாவின் போட்டிகள் பலவும் கிராமத் திடல்களிலும் அரண்மனை முற்றங்களிலும் நடந்தவை. ஆயிரக்கணக்கான போட்டிகளை வென்றார் என்பது போன்ற எண்ணிக்கைகளை அதே தரத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

வலிமைக் கதைகள்: 1902 ஆம் ஆண்டு பரோடாவில் காமா 1200 கிலோகிராம் எடையுள்ள கல்லைத் தூக்கினார் என்று கூறப்படுகிறது. இக்கல் பரோடா அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. தரையிலிருந்து இடுப்பளவு தூக்கும் முறையில் 500 கிலோகிராம் எடையை மனிதர் ஒருவர் தூக்கியது 2016 ஆம் ஆண்டில்தான். ஆகவே 1200 கிலோகிராமை அப்படியே தூக்கி நடந்தார் எனக் கொள்வது கடினம். கல்லைப் பெயர்த்தோ, ஒரு பக்கம் உயர்த்தியோ இருக்க வாய்ப்புண்டு. காமாவின் தகுதியை நிறுவ இக்கதை தேவையில்லை. ரோலருக்கும் ஸ்பிஷ்கோவுக்கும் எதிரான பதிவுகளே அதற்குப் போதுமானவை.

வெவ்வேறு காலத்தவர்: வெவ்வேறு காலத்து வீரர்களை மோதவிட்டுப் பார்க்கும் ஆசை குத்துச்சண்டை உலகில் கணினிவரை சென்றது. 1967 ஆம் ஆண்டு அமெரிக்காவில் மறைந்த, வாழும் கனரக வாகையர்களின் தரவுகளைக் கணினியில் இட்டு ஒரு வானொலிப் போட்டித் தொடர் நடத்தப்பட்டது. அதில் மார்சியானோ முதலிடம் பெற்றார். பின்னர் மார்சியானோவும் முகமது அலியும் நடித்த கற்பனைப் போட்டி படமாக்கப்பட்டு 1970 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அதன் அமெரிக்கப் பதிப்பில் மார்சியானோ வென்றார். ஐரோப்பாவில் காட்டப்பட்ட பதிப்பில் அலி வென்றார். எந்தத் தரவை இடுகிறோம், எந்த விதியைக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமையும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. காமாவுக்கும் இது பொருந்தும். விரிப்பில் புள்ளிக் கணக்குடன் மோதினால் பிற்கால ஒலிம்பிக் வீரர்களுக்கும், நேர வரம்பின்றி மண்ணில் மோதினால் காமாவுக்கும் சாதகம் மிகுதி.

காமா பெற்ற பட்டத்தின் பொருளும் இங்கு நோக்கத்தக்கது. ருஸ்தம்-இ-சமான் என்றால் காலத்தின் ருஸ்தம் என்று பொருள். அது எல்லாக் காலங்களையும் குறிப்பதன்று. ஒருவர் வாழ்ந்த காலத்தைக் குறிப்பது. தம் காலத்தில் முன்வந்த அனைவருடனும் மோதியவர், மோத மறுத்தவர்களை நாடிக் கடல் கடந்தவர் என்ற அளவில் அப்பட்டம் காமாவுக்கு முழுதும் பொருந்துகிறது.

மரபும் நினைவும்

காமாவின் மரபை இமாம் பக்ஷின் மக்களான போலு பயில்வானும் அவரது உடன்பிறந்தோரும் தொடர்ந்தனர். இவர்களுள் ஒருவரான அக்ரம், 1976 டிசம்பரில் கராச்சியில் சப்பானிய வீரர் அந்தோனியோ இனோக்கியுடன் மோதிக் கை முறிந்து தோற்றார். அதே ஆண்டு சூன் மாதத்தில் தோக்கியோவில் முகமது அலியுடன் மோதியவர் இதே இனோக்கி ஆவார். பாக்கித்தான் முன்னாள் பிரதமர் நவாஸ் செரீப்பின் மனைவி குல்சூம் நவாஸ், காமாவின் மகள் வழிப் பேத்தி ஆவார்.

காமா பஸ்கி எடுக்கப் பயன்படுத்திய சுமார் 95 கிலோகிராம் எடையுள்ள வளையம், பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் உள்ளது. நடிகரும் தற்காப்புக் கலைஞருமான புரூஸ் லீ, காமாவின் பயிற்சி முறைகளைப் படித்துத் தாமும் பின்பற்றினார் எனக் கூறப்படுகிறது. 2022 மே 22 அன்று கூகுள் தேடுபொறி தனது முகப்பில் சிறப்புப் படம் வெளியிட்டு இவரது பிறந்தநாளை நினைவுகூர்ந்தது.

பயில்வான், குஸ்தி, கோதா ஆகிய சொற்கள் வடக்கிலிருந்து வந்து தமிழில் நிலைபெற்றவை. ஒரு சிக்கலை நேரில் எதிர்கொள்ள முன்வருவதைக் கோதாவில் இறங்குதல் எனத் தமிழர் இன்றும் கூறுவர். அச்சொற்கள் குறிக்கும் உலகின் மிகப் புகழ்பெற்ற மனிதராக காமா நினைவுகூரப்படுகிறார்.